ராத்திரி ஒன்பதரைக்கு மேல்: கேமா, கோர்ஸா?

வேலைக்குப் போகிற முப்பது நாற்பது வயது ஆள் ஒருவர் கையில் கன்ட்ரோலரோடு உட்கார்ந்தால், வீட்டில் யாராவது ஒருவர் “உருப்படியா ஏதாவது பண்ணக் கூடாதா?” என்று கேட்டுவிடுவார்கள். அதே ஆள் அதே சோபாவில் மூன்றரை மணி நேரம் ஐபிஎல் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. ஸ்கோர் என்ன என்றுதான் கேட்பார்கள். லேப்டாப்பில் பைதான் கோர்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் கேட்காமலே டீ வரும். வீடியோ மட்டும் ஓடுகிறதா, ஆளும் விழித்திருக்கிறாரா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த மரியாதை வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். கேம் என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், படிப்பு என்று பெயர் ஒட்டியதெல்லாம் முன்னேற்றம் என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடவே தேவையில்லை, முடிவு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் முதலில் சொல்லிவிடலாம். எட்டு மணிக்கு வீடு திரும்பி, சாப்பாடு, பிள்ளையின் வீட்டுப்பாடம், காலைக்கு வேண்டியதை எடுத்துவைப்பது எல்லாம் முடிந்தபின் ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை மிஞ்சுகிற ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வேறு கணக்கு. இந்த ஒன்றரை மணி நேரமும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் 15 முதல் 59 வயதுப் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 305 நிமிடம் செலவிடுகிறார்கள். 2019 ஆய்வில் அது 315 நிமிடம். ஐந்து வருடத்தில் குறைந்தது பத்தே நிமிடம். ஆகவே கேமா கோர்ஸா என்று யோசிக்கிறவர் ஆணாக இருந்து, அடுக்களையில் பாத்திரம் கிடந்தால், இரண்டுக்கும் முன்னால் பாத்திரம். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

சரி, அந்த ஒன்றரை மணி நேரத்திடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்? வேலைக் களைப்பிலிருந்து மீள்வதைப் பற்றி சபீனே சோனன்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மீள்வதற்கு உதவும் நான்கு அனுபவங்களை அதில் பிரித்துக் காட்டினார்கள். வேலை நினைப்பு முழுசாக அறுபடுவது, உடம்பும் மனசும் தளர்வது, சவாலான ஒன்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை தேர்வது, இந்த நேரம் என் இஷ்டம் என்ற உணர்வு. இந்த நாலையும் வைத்து அளந்தால்தான் கேமுக்கும் கோர்ஸுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது.

வேலை நினைப்பை அறுப்பதில் கேமை மிஞ்ச ஆள் இல்லை. எதிரே ஒரு பாஸ் கேரக்டர் வாளோடு பாய்ந்து வரும்போது, ஆபீஸ் பாஸ் மாலை ஆறரைக்கு அனுப்பிய மெயில் ஞாபகத்துக்கு வராது. ரீல்ஸ் பார்க்கும்போது வரும். கட்டைவிரல் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும், மனசு பாட்டுக்கு அந்த மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும். கை தேர்வதும் கேமில் உண்டு: பத்து முறை செத்த இடத்தைப் பதினோராவது முறை தாண்டுவது சின்ன சந்தோஷம் இல்லை.

கோர்ஸும் கை தேர்ச்சியைத் தருகிறது, அதுவும் நாளைக்கு உதவுகிற தேர்ச்சி. ஆனால் வேலை நினைப்பு அறுமா என்பது, பகலில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்தது. ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர் கோடு எழுதிவிட்டு வந்தவர் ராத்திரி பத்து மணிக்குக் கிளவுட் சர்டிஃபிகேட்டுக்குப் படித்தால், அது ஆபீஸின் மூன்றாவது ஷிஃப்ட். அதே கோர்ஸை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வந்த ஒருவர் படித்தால் அவருக்கு அது புது உலகம். கோடு எழுதுகிறவர் வீணை கற்றுக்கொள்ளப் போனால் அவருக்கும் அப்படித்தான். சுய முன்னேற்றம் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆளைக் கேட்காமல் மருந்து எழுதுகிறார்கள்.

எந்த கேம்?

கேம் என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதிலும் அதே பிழை இருக்கிறது. ஆன்லைன் ரம்மி போன்ற பணம் கட்டி ஆடுவதை இங்கே சேர்க்கவே இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது, மின் விளையாட்டுப் போட்டிகளையும் பணமில்லாத சாதாரண கேம்களையும் தனியாகப் பிரித்துத்தான் வைத்தது. நாமும் அப்படியே பிரித்துக்கொள்வோம்.

மிச்சமுள்ளவற்றை நான் முடிவு உள்ளவை, முடிவு இல்லாதவை என்றுதான் பார்க்கிறேன். கதையோடு போகிற கேமுக்கு முடிவு உண்டு. முப்பது மணி நேரமோ அறுபது மணி நேரமோ, ஒரு நாள் திரையில் பெயர்கள் ஓடும், எழுந்து போய்விடலாம். நடுவில் சேவ் பண்ணிவிட்டு நிறுத்தினாலும் நஷ்டமில்லை. மாட்டு வண்டியைக் கட்டிப்போட்ட மாதிரி விட்ட இடத்தில் நிற்கும்.

முடிவில்லாத கேமில் நிலைமை வேறு. கேண்டி கிரஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் வந்தது, இன்றும் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். அதில் ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்ப வர அரை மணி நேரம். ஐந்தும் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லை பணம் கட்ட வேண்டும், இல்லை தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். பார்க்கப்போனால் ஆட்டத்துக்குக் கட்டுப்பாடு போட்டது போல இருக்கும். நடப்பது வேறு: அரை மணிக்கு ஒருமுறை போனைத் திரும்பிப் பார்க்கப் பழகிவிடுகிறோம். ராத்திரி ஒன்றரை மணி நேரத்தோடு நிற்காமல், மதியச் சாப்பாடு, பஸ் ஸ்டாப், மீட்டிங்கின் நடுவில் என்று பகலையும் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துக்கொள்கிறது. தினமும் உள்ளே வந்தால் பரிசு, சீசன் முடிவதற்குள் இத்தனை லெவல் என்று வைக்கிற கேம்கள் எல்லாம் இதே பள்ளிக்கூடத்தில் படித்தவைதான்.

நடுவில் ஒரு ரகம் இருக்கிறது, நண்பர்களோடு ஆடுகிற மேட்ச் கேம்கள். பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் ஒரு முழு மேட்ச் கடைசி வரை தாக்குப்பிடித்தால் அரை மணி நேரம் போகும். “இன்னும் ஒரு மேட்ச்டா” என்று ஒருவன் சொன்னால் பதினொன்று பன்னிரண்டரையாகிவிடும், அது நிஜம். ஆனால் ஹெட்செட்டில் என்ன பேச்சு ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? நாலு பேரில் ஒருவன் திருப்பூரில், ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடித்தவன். “டேய், ரைட் சைடு வீட்ல ரெண்டு பேரு… அம்மாவுக்கு எப்ப ஆபரேஷன் சொன்ன?… குனி, குனி, சுடுறான்… வியாழக்கிழமையா? நான் வேணா லீவு போட்டு வரட்டுமா?” நேராக போன் பண்ணினால் இந்த நாலு பேரும் ரெண்டு நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார்கள், “அப்புறம்?” “அப்புறம் நீதான் சொல்லணும்” என்று முடிந்துவிடும். கை ஒரு வேலையில் இருக்கும்போதுதான் சில ஆண்களுக்கு வாய் திறக்கிறது. கல்யாணம், வேலை மாற்றம் என்று கல்லூரி நட்பெல்லாம் கரைந்துபோகிற வயதில் வாரம் இரண்டு ராத்திரி இப்படிப் போவதை வெட்டி என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்த ஆன்லைன் கோர்ஸும் இதைத் தராது.

கேம் ஆடினால் மனநலம் கெடும் என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஏழு கேம்களை ஆடும் கிட்டத்தட்ட 39,000 பேரை ஆறு வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். எவ்வளவு நேரம் ஆடினோம் என்று ஆட்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளாமல், கேம் நிறுவனங்களிடமிருந்தே நேரக் கணக்கை வாங்கினார்கள். ஆடும் நேரம் கூடுவதோ குறைவதோ மனநலத்தைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. வித்தியாசம் தெரிந்தது வேறிடத்தில்: ஆசைப்பட்டு ஆடுபவர்களின் மனநிலைக்கும், ஆடியே தீர வேண்டும் என்ற உந்துதலில் ஆடுபவர்களின் மனநிலைக்கும் இடையில். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பதும் உண்மைதான்; அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று எண் எதுவும் இல்லை. கட்டுப்பாடு கைவிட்டுப்போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக கேம் போய் உட்கார்வது, கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது, பொதுவாக ஒரு வருடமாவது இது நீடிப்பது. இவைதான் அடையாளங்கள். வேலையும் குடும்பமும் ஒழுங்காக ஓடுகிற ஒருவர் ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

“கேம் ஆடினால் மூளை கூர்மையாகும்” என்று ஆதரவுக்கு வருகிறவர்களிடமும் எனக்கு ஒத்துப்போகவில்லை. மூளைப் பயிற்சி என்று சொல்லி விற்ற லூமோசிட்டி நிறுவனம், விளம்பரத்தில் சொன்னதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற குற்றச்சாட்டில் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. ஒரு கேமில் கிடைக்கும் திறமை பெரும்பாலும் அந்த கேமுக்குள்ளேதான் இருக்கும். ஆடுவது பிடித்திருக்கிறது, அதனால் ஆடுகிறேன் என்பதே போதுமான காரணம்.

எந்த முன்னேற்றம்?

மறுபக்கத்திலும் மூட்டையைப் பிரிப்போம். தேதி உள்ள படிப்பு ஒன்று. அரசு வேலையில் இருப்பவருக்கு டிஎன்பிஎஸ்சி வருடம் இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும், துறைத் தேர்வு நடத்துகிறது. தேறினால் பதவி உயர்வுக்கு வழி திறக்கும், தேறாவிட்டால் ஜூனியர் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவருக்கு நான் ஒப்பீடே போட மாட்டேன். படியுங்கள். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லும் இந்த ரகம்தான். பாடம் இலவசம், கால அளவு நாலு, எட்டு அல்லது பன்னிரண்டு வாரம், ஒவ்வொரு வாரமும் அசைன்மென்டுக்குக் கெடு, கடைசியில் மையத்துக்குப் போய் எழுதுகிற தேர்வு, அதற்கு மட்டும் கட்டணம். கெடு இருக்கிறதே, அதுதான் அதன் பலம். கெடு இல்லாத ஆன்லைன் கோர்ஸ்களில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

இரண்டாவது, தேதியும் இல்லை, சம்பளமும் கூடாது, ஆனால் ஆசை இருக்கிறது. மலையாளம் படிக்கக் கற்றுக்கொள்வது, மிருதங்கம், தையல், தோட்டம். இது பெயரளவில்தான் சுய முன்னேற்றம், உண்மையில் விளையாட்டின் அக்கா. இதில் இருப்பவர்களுக்கு யாருடைய ஆலோசனையும் தேவையில்லை.

மூன்றாவது ரகத்தோடுதான் எனக்குச் சண்டை. ‘காலை நான்கு மணிக்கு எழுவது எப்படி’ என்ற வீடியோவை ராத்திரி பதினொன்றரைக்குப் பார்ப்பது. பெரிய பணக்காரர்களின் ஏழு பழக்கங்கள், பத்து நிமிடத்தில் ஒரு புத்தகத்தின் சுருக்கம், ஒன்றரை மடங்கு வேகத்தில் பாட்காஸ்ட். பார்த்து முடித்தால் ஏதோ சாதித்த திருப்தி வரும், மறுநாள் காலையில் ஒன்றும் மாறியிருக்காது. கேம் ஆடியவருக்குத் தான் விளையாடினோம் என்றாவது தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது. கேண்டி கிரஷ் பக்கத்தில் வைக்க வேண்டியது இதைத்தான், ஒப்பிட்டால் கேண்டி கிரஷே தேவலை.

டுவோலிங்கோ கேமுக்கும் கோர்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மொழி சொல்லித்தரும் ஆப்தான், ஆனால் உள்ளே ஓடுவது முழுக்க கேம் சாமான்: புள்ளிகள், லீக், தொடர் நாள் கணக்கு, மறந்தால் வந்து சிணுங்கும் பச்சை ஆந்தை. தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாதே என்று தூக்கக் கலக்கத்தில், ஏற்கெனவே தெரிந்த எளிதான பாடத்தை ஒருமுறை தட்டிவிட்டுப் படுப்பவர் அன்றைக்கு மொழி கற்கவில்லை, உயிர் தீராமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

செஸ்ஸையும் இங்கே சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபின், நம் வீடுகளில் செஸ்ஸுக்கு இருக்கிற அந்தஸ்து சொல்லி மாளாது. போனில் செஸ் ஆடினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் நடுராத்திரி மூன்று நிமிட பிளிட்ஸ் ஆடி, ரேட்டிங் இறங்கி, ‘ஒரு கேம் ஜெயிச்சுட்டுப் படுத்துடலாம்’ என்று ஒரு மணி வரை உட்கார்ந்திருப்பவருக்கும் பிஜிஎம்ஐ ஆடுபவருக்கும் நான் எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை. அதே ஆள் லிசெஸ் என்ற செஸ் தளத்தில் அரை மணி நேரம் யானை எண்ட்கேம் ஒன்றைப் போட்டு அலசினால் அது படிப்பு. பலகை ஒன்றுதான், கடிகாரத்தில் எவ்வளவு நேரம் வைக்கிறோம் என்பதில் அது கேமா பயிற்சியா என்பது மாறிவிடுகிறது.

காசு விஷயத்தில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்று. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021இல் வந்தபோது 49,990 ரூபாய். பெரிய புது கேம் ஒன்று நாலாயிரத்துக்கு மேல். அதைப் பார்த்து மலைப்பவர்கள், லட்சக்கணக்கில் இஎம்ஐ போட்டு வாங்கிய டேட்டா சயின்ஸ் கோர்ஸ் மூன்றாவது மாட்யூலில் நிற்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வருடச் சந்தா கட்டிய ஜிம்மையும். குறைந்த செலவில் வேண்டுமென்றால் இரண்டிலும் வழி உண்டு. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான எபிக் ஸ்டோரில் வாராவாரம் ஒரு கேமாவது இலவசம். ஸ்டீம் என்ற இன்னொரு கடையில் வாங்கியது பிடிக்காவிட்டால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் திரும்ப வரும். கோர்ஸ் விற்கிறவர்களில் எத்தனை பேர் இந்த மாதிரி விதி வைத்திருக்கிறார்கள் என்று சேர்வதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

உடற்பயிற்சியை நான் எந்தத் தட்டிலும் வைக்கவில்லை. நாற்பது வயதில் நடப்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு இல்லை, பல் தேய்ப்பது மாதிரி அன்றாடக் கடமை. அதற்கு கேம் நேரத்திலிருந்தும் எடுக்க வேண்டாம், படிப்பு நேரத்திலிருந்தும் எடுக்க வேண்டாம், டிவியிலிருந்து எடுக்கலாம்.

அப்படியானால் எது?

தேதி இருந்தால் படிப்பு, தேதி இல்லாவிட்டால் முடிவுள்ள கேம் என்பதுதான் என் கட்சி. தேதி என்றால் நிஜமான தேதி: ஹால் டிக்கெட், விசா நேர்காணல், டிசம்பருக்குள் மாற்றல். ‘எதிர்காலத்துக்கு நல்லது’ என்பது தேதி ஆகாது. எதற்கென்று தெரியாத படிப்பு பத்து மணிக் களைப்பில் நிற்காது. இரண்டாவது வாரம் அந்த இடத்துக்கு ரீல்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். கேமை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களின் போனில் ஸ்கிரீன் டைமைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இதுதான் கதை. மிச்சமான நேரம் படிப்புக்குப் போகவில்லை, உருட்டலுக்குப் போயிருக்கிறது.

படிக்க வேண்டியவர்களும் அந்த ராத்திரி நேரத்தில் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முடிந்தவர்கள் காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொள்ளலாம். வீடு அமைதியாக இருக்கும், தலை தெளிவாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் ராத்திரி இரண்டு மணி நேரத்து வேலை நடக்கும். அப்போதும் ராத்திரி அரை மணி நேரம் கேம் ஆடுவதில் தப்பில்லை, பதினொன்றுக்குப் படுத்தால் போதும். படுக்காவிட்டால் இரண்டும் போச்சு.

எது ஆடினாலும் எங்கே நிறுத்துவது என்பதை ஆரம்பிப்பதற்கு முன் முடிவு செய்துகொள்வது நல்லது. மணியை வைத்து நிறுத்துவதைவிட ஆட்டத்தை வைத்து நிறுத்துவது சுலபம்: இந்த மிஷன் முடிந்ததும், இரண்டு மேட்ச் ஆனதும். கேம் ஆடியே பழக்கமில்லாதவர்கள் ‘வெண்பா’விலிருந்து ஆரம்பிக்கலாம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, 2023இல் வந்தது. அம்மாவின் பழைய சமையல் நோட்டில் எழுத்து அழிந்துபோன குறிப்புகளைப் பார்த்து, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். முழுசாக முடிக்கவே ஒன்றரை இரண்டு மணி நேரம்தான் ஆகும்.

துறைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வருடமே தானாகப் பிரிந்துவிடுகிறது. மார்ச், ஏப்ரல் படிப்பு, மே தேர்வு. அக்டோபர், நவம்பர் மறுபடி படிப்பு, டிசம்பர் தேர்வு. நடுவில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை யாரும் கேட்க முடியாத நாலு மாதம் இருக்கிறது. அறுபது மணி நேர கேம் ஒன்றை ஆரம்பிப்பதாக இருந்தால் ஜூன் கடைசி சரியான நேரம். ஸ்டீமின் கோடைத் தள்ளுபடியும் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.